பாலத்தூணில் நீங்கள் எழுதிய எண்கள் பற்றி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. நடந்தவற்றை ஒளிவுமறைவின்றி, உள்ளது உள்ளபடி இக்கடிதத்தில் பதிவு செய்யப்போகிறேன். இங்கு அனைவரும் நலம். சித்தியின் முழங்கால் வலி தேவலையா? அப்பா உங்களை விசாரித்தார். அவர் விசாரித்த சொற்களை மட்டும் எழுதக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

ஆற்றுப் பாதுகாப்புக் குழுவுக்காகப் பாலத்தூணில் ஒன்று முதல் எட்டு வரை அளவுகோல் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியூர் வேலைக்குப் போனீர்கள் அல்லவா? அன்றிலிருந்து நான்தான் அளவு பார்ப்பவள். தினமும் காலையில் கரையில் நின்று, தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறது என்று பார்த்து, குழு அறையிலுள்ள பலகையில் எழுதுவேன். முதல் வாரம் நான்கு, பிறகு ஐந்து, பிறகு ஆறு. தண்ணீர் குறைவதுபோல என் கண்ணுக்குப் பட்டது உண்மை. ஆனால் கண் ஏமாற்றும், அளவுகோல் ஏமாற்றாது என்று அறிவியல் புத்தகத்தில் படித்திருந்ததால் கண்ணை நம்பவில்லை. சனிக்கிழமை ஏழு என்று எழுதினேன். ஏழு வந்தால் சைரன் ஒலிக்க வேண்டும் என்பது தீர்மானம். குழுச் செயலாளர் மாமா அதை ஒலிக்கவிட்டார். கீழ்த்தெரு முழுவதும் கட்டில், பீரோ, கோழிக்கூண்டு சகிதம் பள்ளிக்கூட மாடியில் ஏறியது. போன வருட வெள்ளத்தில் இரண்டு நாள் மூழ்கிக் கிடந்த தையல் மெஷினைத் தையலக்கா இந்த முறை தலையில் சுமந்தே மூன்று மாடி ஏறினாள். பிறகு வெள்ளத்தைப் பார்க்க எல்லோரும் பாலத்துக்குப் போனோம். ஆற்றின் நடுவில் மணல்திட்டில் ஒரு நாய் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"வெள்ளம் எங்கடி?" என்றாள் தையலக்கா.

"ஏழுல இருக்குக்கா."

"நாய் எத்தனையில இருக்கு?"

அப்போதுதான் அப்பா தூணை மேலிருந்து கீழாகப் பார்த்தார். உச்சியில் ஒன்று, அடியில் எட்டு. "கயித்துல மேலேருந்து தொங்குனவன் மேலேருந்துதானே எழுதுவான்!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"தினம் இந்தப் பாலத்துலதானே போறீங்க? ஒருத்தர் கூடவா ஆத்தப் பாக்கல?" என்று செயலாளர் மாமா கத்தினார்.

"நீங்க பாத்தீங்களா சார்?" என்றாள் தையலக்கா.

"நான் பலகையப் பாத்தேன்மா."

எல்லோரும் பலகையைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஆறு கணுக்காலளவு வற்றி, குப்பை மூட்டைகள் வெளியே தெரிந்து, மீன்கள் ஒரே குட்டையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. சித்தப்பா, சிரிக்காதீர்கள். மெஷினை இறக்கும்போது தையலக்கா, "இனிமே சைரன் தொண்டை கிழியக் கத்தினாலும் நான் அசைய மாட்டேன்" என்றாள். தெருவே தலையாட்டியது. மழைக்காலத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான். நிஜமாகவே வெள்ளம் வந்து, இவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டால்? எனக்குச் சோறு இறங்கவில்லை. உடனே பெயிண்டுடன் புறப்பட்டு வந்து எண்களைத் திருத்துங்கள். நீங்கள் வந்து சொன்னால்தான் நம்புவார்கள். யாருக்கும் உங்கள்மேல் கோபமில்லை.

சித்திக்கு என் வணக்கம். தம்பியின் இரண்டு கன்னத்துக்கும் தலா ஒரு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: வர வேண்டாம். கோபம் இருக்கிறது. மேலும், வேலை முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை குப்பை அள்ள இறங்கிய கீழ்த்தெருக்காரர்கள் உங்கள் எண்களை அழித்துவிட்டார்கள். கொத்தனார் ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு வீட்டு வாசலின் உயரத்துக்கும் தூணில் மட்டம் பிடித்தார். அதற்கு ஒரு முழம் கீழே அவரவரே கோடு போட்டார்கள்; தண்ணீர் தன் கோட்டைத் தொட்டால் அவரவர் சாமானைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். தூணில் இப்போது எண்ணே கிடையாது. 'என் மெஷின்', 'கோழிகள்', 'அப்பாவின் கட்டில்' என்றுதான் இருக்கிறது. தினமும் காலையில் தெருவே வந்து எட்டிப்பார்ப்பதால் எனக்கு வேலை போய்விட்டது. இது அறிவியல் அல்ல என்று இன்றைய கூட்டத்தில் செயலாளர் மாமா ஆட்சேபித்தார். தூணில் தன் சோபாவும் இருப்பது தெரிந்ததும், "அதக் கொஞ்சம் மேல தள்ளிப் போடக் கூடாதா?" என்று கேட்டார். "தண்ணிகிட்ட கேட்டுச் சொல்றோம் சார்" என்றாள் தையலக்கா. கூட்டம் முடிந்ததாக அறிவித்த மாமா, நான் குழு அறையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தும் விளக்குகளை அணைத்துவிட்டார்.