அசையாச் சொத்து

ஒரு காட்டில், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் படிப்புக் கட்டணத்தைக் கட்டியாக வேண்டிய ஆமை ஒன்று, புதன்கிழமை விடியும்போதே ஏழாம் எண் ஜன்னலை நோக்கி நடக்கத் தொடங்கியது. தூரம் இருநூறு அடி. வியாழன் மதியம் அவள் போய்ச் சேர்ந்தபோது ஜன்னலில் ‘உணவு இடைவேளை’ என்ற பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

ஆமையின் பெயர் தையல்நாயகி. வனப் பல்கலைக்கழகத்தில் நீரியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஆமைகள் குடியிருந்த குளம் வருடத்துக்கு ஒரு முழம் கீழே போய்க்கொண்டிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு அப்பா, “அது அப்படித்தான்” என்றார். அப்பாவுக்கு நூற்றுப்பத்து வயது. இன்னும் ஒரு நூறு வருடம் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு வாழ அவளுக்கு விருப்பமில்லை.

கட்டணத்தைத் தவணையில் கட்டலாம் என்று முதலில் ஐந்தாம் ஜன்னலில் சொன்னார்கள். தவணைத் திட்டத்தில் சேர ஒரு கட்டணம் உண்டு. அதை மட்டும் ஒரே தடவையில் கட்ட வேண்டும். அந்த ஒரே தடவைக்கு வேண்டிய பணம் ஆமைக் குலம் முழுவதிலும் இல்லை. அதனால்தான் ஏழாம் ஜன்னல். அங்கே கொடுப்பது உதவித்தொகை. திருப்பிக் கட்ட வேண்டாம்.

வெள்ளிக்கிழமை காலையில்தான் பலகையை எடுத்துவிட்டு உட்கார்ந்தது கமலவேணி என்ற முள்ளம்பன்றி. அவருக்குக் கோப்பு, அலமாரி எதுவும் கிடையாது. ஏற்ற விண்ணப்பங்களை வலது பக்க முள்ளில் குத்திக்கொள்வார், தள்ளியவற்றை இடது பக்கம். இடது பக்கத்தில் முள் இருப்பதே வெளியே தெரியவில்லை.

“சொந்த வீடு இருக்குன்னு டிக் அடிச்சிருக்கே?”

“ஆமாங்க மேடம்.”

“எங்கே?”

தையல்நாயகி முதுகைக் கொஞ்சம் திருப்பிக் காட்டினாள்.

கமலவேணி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். “மழைக்கு ஒழுகுமா?”

“ஒழுகாதுங்க.”

“வாடகையா?”

“இல்லீங்க. பொறந்ததுலேர்ந்து இதுலதான் இருக்கேன்.”

“அப்போ பரம்பரைச் சொத்து.” சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்தது. “உறுதியான சொந்த வீடு இருக்கிறவங்களுக்கு உதவித்தொகை கிடையாது. அடுத்தது.”

“மேடம், அது என் முதுகு.”

“ஆளாளுக்கு ஒரு காரணம் வச்சிருக்கீங்கம்மா.” விண்ணப்பம் இடது முள்ளில் ஏறியது.

அடுத்து நின்றது, அதே நீரியல் படிக்க வந்த மாதங்கி என்ற யானை. காட்டின் வடக்கே மேட்டில் அறுபது ஏக்கர் கரும்பு அவர்கள் வீட்டுடையது. வீட்டுடையது என்று சொல்லக்கூடாது. யானைக்கு வீடு ஏது? வெட்டவெளியில் நின்றுகொண்டே தூங்குகிற குடும்பம். சொந்த வீடு: இல்லை. ஆண்டு வருமானம்: எழுபத்திரண்டாயிரம். சான்றிதழில் பச்சை மையில் கையெழுத்தும் இருந்தது. கமலவேணி ஒருமுறை படித்துவிட்டு வலது பக்கம் குத்திக்கொண்டார்.

வரிசையை விட்டு வெளியே வந்ததும் மாதங்கி தும்பிக்கையால் தையல்நாயகியின் தலையில் ஒரு தட்டு தட்டினாள். “கிறுக்கச்சி. உன்னை யாருடி நெசத்தை எழுதச் சொன்னது?”

“மேற்கண்டவை யாவும் உண்மைன்னு கடைசியில கையெழுத்துப் போடணுமே.”

“அது கடைசியிலதானே வருது? மேல எழுதும்போதே எதுக்கு அதை நெனச்சே?”

தையல்நாயகிக்குப் பேசி நிற்க நேரமில்லை. ஒன்பதாம் ஜன்னல் இன்னும் நாற்பது அடி தள்ளி இருந்தது.

அங்கே கல்விக்கடன். அன்று மாலை மூன்றரை மணிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது, வங்கி மேலாளர் அருளானந்தம் எழுந்து வெளியே வந்து கை கொடுத்தார். அவர் உடும்பு. கொடுத்த கையை விடவில்லை.

“கடன் கொடுக்கத்தானேம்மா நாங்க உக்காந்திருக்கோம். ஈடா என்ன இருக்கு?”

“வீடு இருக்குங்க சார்.” அங்கே கெடுத்த வீடு இங்கேயாவது உதவட்டும் என்று அவள் சற்றுச் சத்தமாகவே சொன்னாள்.

அருளானந்தம் அவளைச் சுற்றி வந்தார். கையை விடாமல் சுற்ற வேண்டியிருந்ததால் அவளும் கூடவே சுற்றினாள். ஓட்டைத் தட்டிப் பார்த்தார். “நல்ல கட்டுமானம். விரிசல் இல்லை. ஆனா இது நகருதே?”

“மெதுவாத்தான் சார்.”

“வேகம் பிரச்சினையில்லம்மா. நாங்க அசையாச் சொத்துதான் ஈடா எடுப்போம். அசைஞ்சா அது வண்டி. வண்டிக்குன்னா வாகனக் கடன் தரலாம். அதை வச்சுப் படிக்க முடியாது.”

“ஏழாம் ஜன்னல்ல வீடுன்னு எழுதிட்டாங்களே சார்.”

“அது ஏழாம் ஜன்னல்.”

மணி நாலேகால். வரிசையில் பின்னால் நின்ற காட்டுப்பன்றி செருமியது. தையல்நாயகி தன் நான்கு கால்களையும் பார்த்தாள்.

“நான் அசையாம இருந்தா?”

மேலாளர் முதல்முறையாகக் கையை விட்டார். தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினார். பிறகு சாக்பீஸை எடுத்து, அவளைச் சுற்றி ஒரு கோடு கிழித்து, பத்திரம் எழுதினார். கிழக்கே ஒன்பதாம் ஜன்னல். மேற்கே தண்ணீர்ப் பானை. வடக்கே தேக்குமரம். தெற்கே வரிசை. இந்நான்கு எல்லைக்கு உட்பட்ட மேற்படி வீடு, கடன் தீரும்வரை மேற்படி இடத்திலேயே இருக்கும். நகர்ந்தால் அசல், வட்டி எல்லாம் அன்றைக்கே கட்ட வேண்டும்.

கையெழுத்துப் போட்டாள். நாலு ஐம்பதுக்குப் பணம் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. இடம் உறுதியானது.

திங்கட்கிழமை வகுப்புகள் தொடங்கின. கால் மைல் தள்ளி இருந்த ஆலமரத்தடியில் கரும்பலகை வைத்திருந்தார்கள். கோட்டுக்குள் நின்று கழுத்தை முழுக்க நீட்டினால் கரும்பலகை தெரியும், எழுத்து தெரியாது. தினமும் காலையில் அருளானந்தம் வந்து கோடு அழிந்திருக்கிறதா என்று வாலால் அளந்து பார்ப்பார்.

“படிப்பெல்லாம் எப்படிம்மா போகுது?” என்றும் விசாரிப்பார். பண்பான மனிதர் என்று சொல்ல முடியாது, உடும்பு. ஆனால் பண்பானவர்.

சாயங்காலங்களில் மாதங்கி வருவாள். பெரிய காது, வகுப்பில் விழுந்த எதுவும் வெளியே சிந்தாது. அன்றைய பாடத்தை ஒப்பித்துவிட்டு, பானைத் தண்ணீரை ஒரே உறிஞ்சில் குடித்துவிட்டுப் போவாள். அப்படியே ஒரு பருவம் போனது. பருவ முடிவில் வருகைப் பதிவேட்டில் தையல்நாயகிக்கு நேராகப் பூஜ்யம் இருந்தது. வருகைக் குறைவுக்கு ஒரு கட்டணம் வைத்திருந்தார்கள். கட்டினால் தேர்வு எழுதலாம். தேர்வை ஒன்பதாம் ஜன்னல் வாசலில் எழுத இன்னொரு கட்டணம்.

அதற்கான பணம் முதுகு வழியாக வந்தது. வரிசையில் நின்றவர்கள் விண்ணப்பத்தை வைத்து எழுத மேசை இல்லாமல், அவள் முதுகில் வைத்து எழுதத் தொடங்கியிருந்தார்கள். முதலில் சும்மா எழுதினார்கள். பிறகு, “அக்கா, இந்தக் கட்டத்துல என்ன போடணும்?” என்று கேட்டார்கள். அவளுக்குத் தெரிந்திருந்தது. மாதக்கணக்கில் அங்கேயே நின்றதில், எந்த டிக் இடது முள்ளுக்குப் போகும், எந்த டிக் வலது முள்ளுக்குப் போகும் என்பது கமலவேணியைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். விண்ணப்பத்துக்குப் பத்து ரூபாய் வாங்கினாள். வருகைக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் போக, வட்டியில் பாதியைக் கட்ட முடிந்தது. மீதிப் பாதி அசலோடு சேர்ந்துகொண்டது.

இரண்டாம் ஆண்டில் ஒருநாள் மாதங்கி கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள்: “மேட்டு நிலத்துல கரும்பு மாதிரி நெறையத் தண்ணி குடிக்கிற பயிரை வச்சு, ஆழமா கெணறு போட்டு எறைச்சா, பள்ளத்துல இருக்கிற கொளம் வருஷா வருஷம் எறங்கும். உதாரணம், காட்டின் வடபகுதி.”

கண்ணைத் திறந்தாள். “அடுத்தது நீர் ஆவியாதல். சொல்லவா?”

தையல்நாயகி கழுத்தை நீட்டி வடக்கே மேட்டைப் பார்த்தாள்.

“சொல்லு” என்றாள்.

மூன்றாம் ஆண்டு சேர்க்கையின் கடைசி நாள். நாலு மணிக்கு ஒரு நத்தை அவள் முன்னால் வந்து நின்றது. பெயர் பொன்மணி. தாவரவியலுக்கு இடம் கிடைத்திருந்தது. எட்டு நாள் நடந்து வந்ததாகச் சொன்னாள். விண்ணப்பம் அவள் பட்ட இடமெல்லாம் ஈரமாக இருந்தது.

“நானே எல்லாம் எழுதிட்டேன்க்கா. கையெழுத்து சரியான எடத்துல போட்டிருக்கேனான்னு மட்டும் பாருங்க. எதுவும் தப்பாப் போட்டா சீட்டு போயிடுமாமே?”

“போயிடும்” என்றாள் தையல்நாயகி.

கையெழுத்து சரியான இடத்தில்தான் இருந்தது. அதற்கு நேர் மேலே ‘மேற்கண்டவை யாவும் உண்மை.’ அதற்கும் மேலே, ‘சொந்த வீடு உண்டா?’ என்ற ஆறாவது கேள்வியில், ஆம் என்ற கட்டத்தில் ஒரு டிக். மை இன்னும் காயவில்லை.

பொன்மணி ஏழாம் ஜன்னலின் வரிசையை எண்ணிக்கொண்டிருந்தாள். “ஒம்பது பேர் நிக்கிறாங்கக்கா. அஞ்சு மணிக்குள்ள வந்துடுமா?”

தையல்நாயகி முன்காலால் அந்த டிக்கைத் துடைத்துவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் ஒன்று அடித்தாள்.

“வந்துடும். பத்து ரூபா.”

நத்தை காசை வைத்துவிட்டுத் திரும்பியது. தையல்நாயகி கோட்டுக்குள் விழுந்து கிடந்த தேக்கிலை ஒன்றை வாயால் கவ்வி, அதன் முதுகின் மேல் போர்த்திவிட்டாள். பிறகு, “அடுத்தது” என்றாள்.

நீதி: வீட்டைச் சுமந்துகொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம், விண்ணப்பம் நிரப்பும்போது மட்டும் கீழே இறக்கி வைத்துவிட வேண்டும்.