பல்லி சாட்சிச் சட்டம்

வரைபடம் போட்டவர்கள் விட்டுவிட்ட ஒரு மூலையில் சொல்வளநாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே யாரும் எதையும் பேசலாம். எல்லைக் கல்லிலேயே அப்படித்தான் செதுக்கியிருந்தார்கள். அரசரைத் திட்டலாம், அமைச்சரைத் திட்டலாம், தடையே கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை: சொன்னது உண்மையாக இருக்கக் கூடாது.

தலைமை அமைச்சர் மெய்ஞ்ஞானமூர்த்தி இதற்குச் சபையில் விளக்கம் கொடுத்தார்.

"பொய்யால் எந்த அரசும் கவிழ்ந்ததில்லை, மன்னா. பொய்யை மறுத்துவிடலாம். உண்மையை என்ன செய்வது? ஆகவே, அரசுக்கு எதிரான உண்மையே ராஜத்துரோகம்."

"நியாயம்தான். ஆனால் எது உண்மை என்று யார் முடிவு செய்வது?"

"அந்த ஏற்பாட்டை நம் முன்னோர்களே செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள், மன்னா. பல்லி."

ஒருவர் பேசும்போது கூரையில் பல்லி கத்தினால் அந்தப் பேச்சு சத்தியம் என்பது அந்நாட்டாரின் பழைய நம்பிக்கை. உடனே தரையை விரலால் தட்டி, "பாத்தியா, பல்லியே சொல்லிருச்சு" என்பார்கள். அன்றிலிருந்து அது சட்டமானது. அரசைப் பற்றி ஒரு குறை, அதன் மேல் ஒரு பல்லிச் சத்தம். இரண்டும் சேர்ந்தால் பத்து வருஷம் சுண்ணாம்புக் காளவாயில் வேலை. சொன்னது பொய் என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டால் உடனே விடுதலை.

மக்கள் முதலில் விளக்குமாற்றை எடுத்து வீட்டுப் பல்லிகளை விரட்டினார்கள். வீட்டுக்கு இரண்டு பல்லியாவது இருக்க வேண்டும் என்று ஆணை வந்தது. வாரா வாரம் ஏணியோடு ஒரு கண்காணிப்பாளரும் வந்தார். மக்கள் வெட்டவெளிக்குப் போய்ப் பேசினார்கள். கூரையில்லாத இடத்தில் வாய் திறக்கக் கூடாது என்று அடுத்த ஆணை வந்தது. ஏர் ஓட்டுகிறவர் மாட்டை அதட்ட வேண்டுமென்றால் கொட்டகைக்கு ஓட்டி வந்து அதட்டிவிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. அந்த வருஷம் பாதி நிலம் உழாமல் கிடந்தது. மழையும் பொய்த்தது.

யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை. எல்லோரும் உத்தரத்தைப் பார்த்தே பேசினார்கள். பிடிக்காதவர் வீட்டு ஜன்னல் வழியாகக் கொழுத்த பல்லியாகப் பிடித்து உள்ளே விட்டார்கள். கல்யாணம் பேசப் போனவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் கூரையைப் பார்த்தார்கள்.

அரசு நடத்திய கஞ்சித் தொட்டியில் மாடத்தி என்பவள் சமையல் வேலை பார்த்தாள். நானூறு பிள்ளைகள் அங்கே கஞ்சி குடித்தன. ஒருநாள் அரசுக் களஞ்சியத்திலிருந்து வந்த மூட்டையை அவிழ்த்தாள். உமி. அடுத்த மூட்டையும் உமி.

"களஞ்சியத்துல நெல்லு இருந்தால்ல அனுப்புவாங்க! துடைச்சு எடுத்துட்டாங்க போல" என்றாள்.

மேலே பல்லி கத்தியது.

அதைக் கேட்டவர்கள் நாற்பது பேர். மற்ற முப்பத்தொன்பது பேரும் புகார் கொடுத்துவிடுவார்களோ, கொடுக்காத தன்னையும் சேர்த்து இழுப்பார்களோ என்று ஒவ்வொருவரும் பயந்தார்கள். மாலைக்குள் நாற்பத்தொரு புகார்கள் வந்திருந்தன. ஒருவர் சந்தேகத்துக்கு இரண்டாகக் கொடுத்திருந்தார்.

பதினைந்து நாள் கழித்து, சிறையில் வக்கீல் கோமதிநாயகம் அவளைப் பார்த்தார். அவர் கண் விட்டத்திலேயே இருந்தது.

"பொய் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லிரும்மா. சாயங்காலம் வீட்டுக்குப் போயிரலாம். எல்லாரும் அப்படித்தான் வெளிய வந்தாங்க."

"புள்ளைங்க எப்படி இருக்குதுங்க?"

"உமிக் கஞ்சிதான். பதினோரு புள்ளைங்க வயித்து வலியில படுத்துருச்சு."

"நான் வெளிய வந்தா நெல்லு வருமா?"

"அதெப்படி வரும்? நெல்லு இருக்குன்னுல்ல கோர்ட்டுல பதிவாகும். இருக்கற நெல்லை எதுக்கு அனுப்பலைன்னு யாரு போய்க் கேக்கறது?"

மாடத்தி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "ஏன், கேட்டா என்ன?" என்றாள்.

மறுநாள் நீதிமன்றம் நிரம்பி வழிந்தது. அமைச்சரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நீதிபதி ஆலாலசுந்தரம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அரசுக் களஞ்சியத்தில் நெல் இல்லை என்று நீ உரைத்தது உண்மையா, பொய்யா?"

"பொய்தான், எசமான்."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. யாரோ ஒருத்தி மட்டும் "நீயுமா?" என்று முணுமுணுத்தாள்.

"ஆகவே, களஞ்சியத்தில் நெல் இருக்கிறது?"

"நெறைய இருக்கு, எசமான். நான்தான் வாய்க்கொழுப்புல சொல்லிட்டேன். அதை அப்படியே எழுதச் சொல்லுங்க."

எழுத்தர் எழுதினார். அமைச்சர் மனநிறைவோடு எழுந்தார். களஞ்சியம் நிறைந்திருப்பது நீதிமன்றத்திலேயே நிரூபணமாகிவிட்டது என்ற நற்செய்தியை மன்னரிடம் சொல்ல அரண்மனைக்குப் புறப்பட்டுப் போனார்.

"எழுதியாச்சா, எசமான்? அப்படியே நாப்பது மூட்டை குடுக்கச் சொல்லி ஒரு உத்தரவும் போட்டுருங்க. புள்ளைங்க உமியைக் குடிக்குதுங்க."

"அது இந்த வழக்குக்கு அப்பாற்பட்ட விஷயம்."

"அப்ப நெல்லு இல்லைங்கறீங்களா, எசமான்?"

நீதிபதி வாயைத் திறந்தார். அவர் நாற்காலிக்கு நேர் மேலே ஒரு பல்லி வாலை அசைத்துக்கொண்டிருந்தது. உத்தரவை மறுக்கலாம்தான், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு எழுதுகோலை எடுத்தார்.

"மன்னரின் நெல்லிலிருந்து நாற்பது மூட்டை உடனே வழங்கப்பட வேண்டும். தடுப்பவர் ராஜத்துரோகி."

"'எங்க இருந்தாலும்'னு ஒரு வார்த்தை சேத்துக்கங்க, எசமான். களஞ்சியம் பெருசு. எந்த மூலையில கெடக்குதோ!"

அவள் இடத்தைக் காலி செய்தால் போதும் என்றிருந்தது நீதிபதிக்கு. சேர்த்து எழுதி, அரச முத்திரையும் வைத்துக் கொடுத்தார்.

பிள்ளைகளின் தாய்மார்கள் ஆளுக்கொரு சாக்கோடு மாடத்தியின் பின்னால் களஞ்சியத்துக்குப் போனார்கள். காப்பாளர் உலகநாதர் உத்தரவை இரண்டு முறை படித்தார். பிறகு கதவைத் திறந்துவிட்டார். உமித்தூசிதான் பறந்து வந்து எல்லார் முகத்திலும் அப்பியது.

"எங்கய்யா நெல்லு?" என்றாள் மாடத்தி.

உலகநாதர் அண்ணாந்து பார்த்தார். விதிப்படி உத்தரத்தில் நான்கு பல்லிகள் இருந்தன. அவருக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் பாக்கி. சட்டத்தை மனதுக்குள் முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்தார். அதில் வாயைப் பற்றி எல்லாம் இருந்தது. விரலைப் பற்றி ஒன்றும் இல்லை.

வலது கையைத் தூக்கி, ஆட்காட்டி விரலைத் தெற்குப் பக்கம் நீட்டினார். அங்கே ஒரு வீடுதான் இருந்தது. தலைமை அமைச்சரின் புது மாளிகை.

கூட்டம் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்தது. மாளிகையின் பின்கட்டு மதிலுக்கு மேலே ஒன்பது நெற்குதிர்களின் மூடிகள் தெரிந்தன. வாசல் கொட்டகையில் நின்ற காவலாளி ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"என்னம்மா கூட்டம்? யார் வீடுன்னு தெரியுதா?"

மாடத்தி உத்தரவை நீட்டினாள். அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். 'எங்கிருந்தாலும்' என்ற இடத்தில் நிறுத்தி, மதிலுக்கு மேலே பார்த்தான். 'தடுப்பவர் ராஜத்துரோகி' என்ற இடத்துக்கு வந்ததும் ஈட்டி தானாகவே நிமிர்ந்தது.

"இங்க நெல்லு இருக்குன்னு யாரு சொன்னா?" என்று மட்டும் கேட்டான்.

"யாரும் ஒண்ணும் சொல்லலையே, தம்பி" என்றாள் மாடத்தி, சாக்கை உதறி விரித்தபடியே.