மூன்று வட்டத்திலும் இருந்தவள்

அன்புள்ள மருமகள் கலாராணிக்கு,

ஒரே ஆஸ்பத்திரியில் நீயும் நானும் நர்ஸாக இருந்துகொண்டு கடிதம் எழுதுவது கூத்துதான். என்ன செய்ய, என்னைக் கண்டாலே காது மிஷினைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிறாய். மடுல்கெல்லை வீட்டில் என் அக்காவும் அவள் மகள் நீயும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். எனக்குச் சுகமில்லை.

அந்தச் சிங்கப்பூர் ஐ.சி.யூ. பயிற்சிக்கு நர்ஸ்மாரின் வட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு பெயர் கொடுக்கலாம் என்றார்கள். பெண்கள் வட்டம், மலையக வட்டம், மாற்றுத்திறனாளிகள் வட்டம் என்று மூன்றிலும் இருப்பவள் நீ ஒருத்திதான், அதனால் நீ போவது நிச்சயம் என்று ஊரெல்லாம் சொல்லி, அக்குறணைக்குப் போய்ச் சக்கரம் வைத்த சிவப்புப் பெட்டிகூட வாங்கிவிட்டேன், மலையக வட்டத்துச் செயலாளர் நான்தானே, கலாவை எப்படியும் பெண்கள் வட்டம் போட்டுவிடும், நம்ம இடத்தை வீணாக்குவானேன் என்று நம்ம வட்டத்துப் பையன் தினேஸின் பெயரைக் கொடுத்தேன், சொந்த மருமகளுக்கே கொடுத்தான் என்று நாலு பேர் பேசுவார்களே என்ற பயமும் இருந்தது, கடைசியில் பார்த்தால் உன் பெயரைக் காணோம், பெண்கள் வட்டத்து நிலூஷாவிடம் ஓடினால் "சொந்த மாமா இருக்காரே, விட்டுருவாரான்னு நெனச்சோம் அண்ணே" என்கிறாள், மாற்றுத்திறனாளிகள் வட்டத்து ஜமால்தீன் நானா ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு "நீங்க ரெண்டு பேரும் போட்டிருப்பீங்கண்டு நாங்க வேற ஆளப் போட்டுட்டோமே" என்று தலையில் கைவைக்கிறார். அட கடவுளே, எல்லாரும் உன்னைத்தான் நினைத்தோம், ஒருத்தரும் எழுதவில்லை!

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்தால் அக்கா சீனி போடாத தேத்தண்ணி தருகிறாள். அதையும் குடித்துவிட்டு வருகிறேன். பெட்டி அலுமாரி மேல் கிடக்கிறது, பார்க்கவே வெட்கமாயிருக்கு. டியூட்டி முடிந்து கால் வீங்கிப்போய் நீ இங்கிலிஸ் வகுப்புக்கு ஓடினதைப் பார்த்தவன் நான். நானே இப்படிச் செஞ்சிட்டேனே, மன்னிச்சிரு தாயி. அடுத்த வருசப் பயிற்சிக்கு முதல் ஆளாக உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். இனிக் கவலையில்லை.

நீ நினைத்ததெல்லாம் கைகூடட்டும் என்று ஆசீர்வதிக்கும்,
மாமா ஜீவன்

பி.கு.: ஒட்டப்போன கடிதத்தைத் திரும்பப் பிரித்தேன். நிலூஷாவும் ஜமால்தீன் நானாவும்கூட மனசு கேட்காமல் அடுத்த வருசத்துக்கு உன் பெயரையே கொடுத்தார்களாம். ஓர் ஆளை ஒரு வட்டம்தான் கொடுக்கலாம் என்று மேட்ரன் சொன்னதும், சரி, அவங்க கொடுக்கட்டும் என்று நான் வாபஸ் வாங்கினேன். அவர்கள் இரண்டு பேரும் அப்படியே நினைத்து வாபஸ் வாங்கியிருக்கிறார்கள். பெயர் கொடுக்கும் திகதியும் இன்றோடு முடிந்தது. உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு எங்க மூணு பேருக்கும் தோணவேயில்லையே, தாயி.