மூன்று வாரத்தில் மூன்று பறி

எந்த டாக்டரையும் என் பின்பக்கம் அண்ட விடுவதில்லை என்று நான் முடிவெடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அரை மணிக்கொரு தரம் மூத்திரம் முட்டிக்கொண்டு வரும். போனால் நாலு சொட்டு, மிளகாய் அரைத்துத் தடவிய எரிச்சல். வெளிக்குப் போக உட்கார்ந்தால் உயிர் போய்த் திரும்பும். பழவேற்காட்டு மருந்துக்கடை வீரராகவனிடம் ரகசியமாகக் கேட்டேன்.

"புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கும்ண்ணா. டாக்டரு பின்னால வெரல வுட்டுப் பார்த்தாத்தான் தெரியும்" என்றான். கடைப் படியை எப்போது இறங்கினேன் என்று எனக்கே தெரியாது.

என் மனைவி பவுனம்மாளுக்குத் தெரிந்தால் தரதரவென்று இழுத்துப்போய்விடுவாள். ஆனால் நாங்கள் ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவர்கள். கழுத்தளவு தண்ணீரில் குந்தி, சேற்றைத் தடவிப் பிடித்து, வாயில் கவ்வியிருக்கும் பறியில், அதாவது பனையோலைக் கூடையில், போட வேண்டும். தண்ணீருக்குள் நான் எத்தனை தரம் ஒன்றுக்குப் போகிறேன் என்று யாருக்குத் தெரியும்? எரிந்தாலும் வாயில் பறி, சத்தம் வராது. கலெக்டரே வந்து விசாரித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

போன திங்கட்கிழமை பவுனு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரச் சொன்னாள். நோயாளி அவள், தைரியசாலி நான். பஸ் சீட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தபடி வழிநெடுகப் புத்தி சொன்னேன்.

"டாக்டரு எங்க தொட்டாலும் கூச்சப்படக் கூடாது பவுனு. ஒடம்புன்னா ஆயிரம் வரும். நான் வெளியவே நிக்கிறேன்."

அவள் பணிவாகத் தலையாட்டினாள். கல்யாணத்தன்று தாலி கட்டும்போது ஆட்டியது, அதற்கப்புறம் அன்றுதான். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் அவளே போய்ச் சீட்டு வாங்கிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் கதவைத் திறந்தாள்.

"செங்கல்வராயன், ஐம்பத்திரண்டு வயசு."

அது என் பெயர். வயதும் என்னுடையதுதான்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். பவுனு பைக்குள் கைவிட்டு என் பறியை எடுத்தாள். விளிம்பு முழுக்கப் பல் தடம், எலி குதறிப்போட்ட மாதிரி.

"எறா புடிக்கிறவன் பறிய லேசாக் கவ்வுவான்யா. நீ மூணு வாரத்துல மூணு பறிய மென்னு துப்பிட்ட. வலி இல்லாதவன் இப்டி இன்னாத்துக்குக் கடிக்கிறான்?"

பறியை என் கையில் திணித்து, முதுகில் கைவைத்துக் கதவுப் பக்கம் தள்ளினாள்.

"உள்ள இத நல்லாக் கடிச்சிக்க. கூச்சப்படக் கூடாது. நான் வெளியவே நிக்கிறேன்."