பல் டாக்டர் போட்ட பாப்கார்ன் தடை

ஆறு நாளும் ஊர் ஜனத்தைப் பிடித்து நாற்காலியில் சாய்த்து, "வாயைத் திறங்க, இன்னும் கொஞ்சம், நல்லாத் திறங்க" என்று கெஞ்சுகிற மனுஷன், ஏழாம் நாள் காலையில் காபி டம்ளரை டங்கென்று மேஜையில் வைத்துவிட்டுப் பெண்டாட்டியிடம் சொன்னார்:

"இனிமே தியேட்டர்ல நீ வாயைத் திறக்கக் கூடாது."

"பேசறதுக்கா, திங்கறதுக்கா?"

"ரெண்டுக்கும்தான்."

சொன்னவர் பல் டாக்டர். மருந்துக்கடைக்கு மேல் மாடியில் அவர் கிளினிக். உள்ளே ஒரு சாய்வு நாற்காலி, ஒரு விளக்கு. வெளியே நாலு பிளாஸ்டிக் நாற்காலி, அவற்றுக்கு எதிரே ஒரு சின்ன மேஜை. அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது அவர் பெண்டாட்டி. யார் எப்போது வரணும், யார் காத்திருக்கணும், யாரை உடனே உள்ளே விடணும் என்பதெல்லாம் அவள் கையிலிருக்கும் நீல நோட்டில்தான் முடிவாகும். வாய்க்குள்ளே நடப்பது மட்டும் டாக்டர் அதிகாரம். உதட்டுக்கு இந்தப் பக்கம் எல்லாமே அவள் ராஜ்யம். இது ஊருக்கே தெரியும், டாக்டருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அவருக்கு ஒரு காது உண்டு. எல்லாருக்கும் ரெண்டு உண்டே என்கிறீர்களா? இது வேறு மாதிரிக் காது. இருபத்திரண்டு வருஷம் பல்லோடு மல்லுக்கட்டியதில், யாராவது எதையாவது கடித்தால் போதும், எந்தப் பல்லில் கடிக்கிறார், அந்தப் பல்லுக்கு என்ன கோளாறு என்று அந்தக் காது சொல்லிவிடுமாம். அவரே சொல்லிக்கொள்வது. அப்படிப்பட்டவரைக் கொண்டுபோய், முன்னூறு பேர் ஒரே நேரத்தில் பாப்கார்ன் மெல்லுகிற இடத்தில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? திரையில் கதாநாயகி கதறிக் கதறி அழுவாள். இவருக்குக் கேட்பது பின்வரிசையின் கடைவாய்ப் பல்தான்.

உடனே திரும்புவார். "உஸ்ஸ்ஸ்!" என்பார். அந்த உஸ்ஸுக்கு முன்னால் பிரஷர் குக்கர் பிச்சை வாங்க வேண்டும். இப்படிப் படத்தில் பாதியை அவர் முதுகுப் பக்கமே பார்த்துக் கழித்தார். வீட்டுக்கு வந்ததும், "கடைசியில கொலை பண்ணினது யாருங்க?" என்று அவள் சோதித்தால், "எஃப் ஏழு" என்பார். அவருக்கு நினைவிருப்பது சீட்டு நம்பர்தான்.

பாவம், அவர் ஆசை பெரிய ஆசை இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு படத்தை, ஒரு கடிச்சத்தம்கூடக் குறுக்கே வராமல், முதலிலிருந்து முடிவு வரை கேட்டுவிட வேண்டும். அடுத்த வாரம் அதற்கென்றே ஒரு படம் வருகிறது. முதல் ஒரு மணி நேரத்துக்கு வசனமே கிடையாதாம், காற்றும் மழையும் காலடிச் சத்தமும்தானாம். பேப்பரில் படித்ததிலிருந்து மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதற்குள் தியேட்டரைத் திருத்தியாக வேண்டும். திருத்தத்தை வீட்டிலிருந்து தொடங்கினார்.

மருந்துச் சீட்டிலேயே சட்டம் எழுதிக் கொடுத்தார். பாப்கார்ன் கூடாது, சிப்ஸ் கூடாது, வறுத்த கடலை கூடாது, கசகசக்கும் காகிதம் சுற்றிய மிட்டாய் கூடவே கூடாது. பழக்க தோஷத்தில் கடைசியில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்றும் எழுதியிருந்தார்.

"கசகசக்காத காகிதம்னா பரவாயில்லையா?" என்று கேட்டாள் அவள்.

"மிட்டாயே கூடாது."

"பஞ்சு மிட்டாய்? அது பாட்டுக்குக் கரைஞ்சிடுமே, சத்தமே வராதே?"

டாக்டர் ஒரு கணம் ஆடிப்போனார். "அது... அது பல்லுக்குக் கெடுதல்."

"இடைவேளையில?"

"வெளியில நின்னு சாப்பிடலாம். பெல் அடிக்கறதுக்குள்ள முழுங்கிடணும்."

"முழுங்காம வாயிலேயே அதக்கி வெச்சிருந்தா?"

"என்ன, கிண்டலா?"

"சந்தேகம் கேட்டா கிண்டலா? சரி விடுங்க. நீங்க சொன்னா சரிதான்."

இங்கேதான் டாக்டர் கோட்டை விட்டார். கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் அவள் "நீங்க சொன்னா சரிதான்" என்று சொன்னது இதற்கு முன் ரெண்டே தடவை. முதல் தடவை சொன்ன மாசமே வீடு மாறினார்கள். ரெண்டாம் தடவை அவர் மீசை போயிற்று. கொஞ்சமாவது புத்தி இருக்கிறவன் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடியிருப்பான். இவர் விசில் அடித்துக்கொண்டே சட்டைக்கு இஸ்திரி போட்டார்.

தியேட்டர் ரெண்டு தெரு தள்ளி. ஞாயிறு மாலைக் காட்சிக்கு வருகிற கூட்டம் பெரும்பாலும் ஒரே கூட்டம், உட்காருவதும் ஒரே இடம். டிக்கெட் கிழிக்கிற பெண் நம்பர்கூடக் கேட்க மாட்டாள். டாக்டரும் மனைவியும் ஈ வரிசை. நேர் பின்னால் எஃப் ஏழில் மெத்தைக் கடைக்காரர், அவரே ஒரு மெத்தை அகலம். அவருக்குப் பின்னால் ஜி வரிசையில் தபால் ஆபீஸ் அம்மாவும் அவள் கூட்டாளிகளும்.

அன்றைக்கு அவள் வெறுங்கையோடு உட்கார்ந்தாள். விளக்கு அணைந்தது. படம் தொடங்கி ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, பின்னால் கரக்!

"உஸ்ஸ்ஸ்!"

"என்ன சார்?" என்றார் மெத்தைக் கடைக்காரர்.

"மெல்லாதீங்க."

"மெல்லாம எப்படி சார் முழுங்கறது?"

"முழுங்காதீங்க."

"இங்கேயே கவுன்ட்டர்ல விக்கறாங்க, வாங்கிட்டு வந்தேன். என்னமோ கடத்திட்டு வந்த மாதிரி பேசறீங்களே!"

"பொது இடத்துல ஒரு நாகரிகம் வேணாமா?"

"படம் ஓடறப்ப சட்டம் பேசறதுதான் நாகரிகமா?"

"ரெண்டு பேரும் வெளியில போய் அடிச்சுக்குங்களேன்! கதாநாயகன் என்ன சொன்னான்னே காதுல விழலை," என்றது ஜி வரிசை.

மெத்தைக் கடைக்காரர் சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தார். அவள் சட்டென்று திரும்பினாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அவர் உங்களைத் திட்டலை. உங்க பல்லுக்காகத் துடிக்கிறார்." கிளினிக் கார்டு ஒன்றை நீட்டினாள்.

"பல்லா? என் பல்லுக்கு என்ன?"

"ஏங்க, நீங்களே சொல்லுங்க," என்றாள் அவள், தேன் ஒழுக.

டாக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் அவள் அந்தக் காதை நம்பியது இதுதான் முதல் தடவை. "கீழ் வரிசை, வலது பக்கம், கடைசிக்கு முந்தின பல்லு. வெடிப்பு விட்டிருக்கு. சத்தத்துலயே தெரியுது," என்றார்.

மெத்தைக் கடைக்காரரின் கை டப்பாவுக்குள் அப்படியே நின்றது. அவர் அவளைப் பார்த்தார், அவள் அவரைப் பார்த்தாள். டாக்டர் ஒன்றையும் பார்க்கவில்லை. ஜெயித்த மிதப்பில் திரைப் பக்கம் திரும்பிவிட்டார்.

இடைவேளையில் அவர் எழுந்திருக்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தார். எஃப் வரிசையும் ஜி வரிசையும் தட்டும் டப்பாவுமாக நிற்க, நடுவில் அவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். எல்லாரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். டாக்டருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"என்ன சொன்னே அவங்ககிட்ட?"

"உள்ளதைச் சொன்னேன். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க."

"எதை?"

"இப்படியே விட்டா சரிப்படாதுங்கறதை."

அடுத்த ஞாயிறு. வசனமில்லாத படம் வந்துவிட்டது. ரெண்டு ஞாயிறுதான் ஓடும் என்று தியேட்டர் வாசலில் எழுதிப் போட்டிருந்தார்கள். டாக்டர் மூணு மணிக்கே முகம் கழுவி, சென்ட் அடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். அவள் நீல நோட்டோடு வந்தாள்.

"செருப்பைக் கழட்டுங்க. நாலு மணிக்குத் தபால் ஆபீஸ் அம்மா வர்றாங்க. அப்புறம் அவங்க பக்கத்து சீட்டு, அதுக்கப்புறம் அதுக்குப் பக்கத்து சீட்டு."

"இன்னைக்கா? இன்னைக்கு ஞாயித்துக்கிழமை!"

"ஞாயித்துக்கிழமை படத்துக்கு வர்றவங்களுக்கு ஞாயித்துக்கிழமைதானே லீவு?"

"நாளைக்கு வரச் சொல்லு."

"பல்லு வெடிச்சிருக்குன்னு தியேட்டரையே கதிகலங்க வெச்சது யாரு? நீங்க. பயந்து போய் வர்றவங்களை நாளைக்கு வா, நாளன்னைக்கு வான்னா, காதாலதான் வைத்தியம் பாக்கறாரு, கையால ஒண்ணும் நடக்காதுன்னு ஊர் சிரிக்காதா?"

டாக்டர் செருப்பைக் கழற்றினார். ஊர் சிரிக்கும் என்றால் அவருக்குக் காய்ச்சலே வந்துவிடும்.

"அப்ப நீ?"

"டிக்கெட் எடுத்தாச்சே. ஒண்ணாவது உருப்படட்டும். உங்க சட்டதிட்டமெல்லாம் ஒழுங்கா நடக்குதான்னு பாத்துட்டு வந்து சொல்றேன்."

"வாயைத் திறக்க மாட்டியே?"

"உங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு என்னைக்காவது திறப்பனா?"

ஜி வரிசை வந்தது. ஒவ்வொரு வாயிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் கேள்வி இருந்தது பாருங்கள், அப்பப்பா! பிரஷ்ஷை மேலிருந்து கீழே தேய்க்கணுமா, கீழிருந்து மேலேயா? பல் முளைக்கும்போது குழந்தை ஏன் அழுகிறது? முதலைக்கு எத்தனை பல்? தபால் ஆபீஸ் அம்மா ஒரு பல்லைக் காட்டிவிட்டு ஒன்பது சந்தேகம் கேட்டாள். டாக்டர் வாழ்நாளில் இப்படி ஒரு சபை கண்டதில்லை. குஷியில் பேசித் தீர்த்தார். முடித்துவிட்டுப் பார்த்தால் மணி ஏழு.

அவள் திரும்பி வந்தாள். முகத்தில் தனிக் களை. டாக்டர் கிட்டப் போய் உற்றுப் பார்த்தார். "உதட்டோரம் என்ன, உப்பு?"

"அழுதேங்க. படம் அப்படி. கண்ணீர் உப்புக் கரிக்காதா?"

"தியேட்டர் எப்படி?"

"ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரு 'உஸ்'கூடக் கேக்கலை."

"பாத்தியா! திருந்திட்டாங்க!" என்று தொடையைத் தட்டினார் டாக்டர். அந்த நிசப்தத்தில் தானும் ஒரு நாள் உட்கார்ந்தே தீருவது என்று அப்போதே சபதம் போட்டார்.

அடுத்த ஞாயிறுதான் அந்தப் படத்துக்குக் கடைசி நாள். இந்தத் தடவை டாக்டர் முந்திக்கொண்டார். "இன்னைக்கு எவன் பல்லு விழுந்தாலும் சரி, நான் படத்துக்குப் போறேன்."

"தாராளமாப் போங்க. மெத்தைக் கடைக்காரரை மட்டும் பாத்துட்டுப் போங்க. அதே கடைசிக்கு முந்தின பல்லு. நீங்களே கண்டுபிடிச்சது, அதை வேற யாருகிட்டயாவது அனுப்பட்டுமா?"

வேறு ஒருத்தரிடமா! பெத்த பிள்ளையைத் தத்துக் கொடுக்கச் சொன்னதுபோல் துடித்தார். பத்து நிமிஷத்தில் பார்த்து அனுப்பிவிட்டு ஓடினால், திரையில் பெயர் ஓடும்போதே போய்ச் சேர்ந்துவிடலாம். "என் சீட்டைப் பாத்துக்க. வந்துடறேன்," என்றார். அவள் தலையாட்டிவிட்டுக் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பை வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. டாக்டர் கவனிக்கவில்லை.

மெத்தைக் கடைக்காரர் சரியாக நாலு மணிக்கு வந்து படுத்தார். வாயைத் திறந்தார். டாக்டர் விளக்கை இழுத்து, கீழ் வரிசை வலது பக்கம் கடைசிக்கு முந்தின பல்லைத் தட்டினார்.

"வலிக்குதா?"

"ம்ஹூம்."

காற்று அடித்தார். தண்ணீர் அடித்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். வெடிப்பு இல்லை. சரி, இடது பக்கமோ என்னமோ. அங்கேயும் இல்லை. மேல் வரிசைக்குப் போனார். முப்பத்திரண்டு பல்லையும் மூன்று தடவை சுற்றி வந்தார். ஒரு சொத்தை, ஒரு கீறல், ஒரு கறைகூட இல்லை. இப்படி ஒரு வாயை அவர் படித்த காலத்தில் பாடப் புத்தகத்தில்தான் பார்த்திருந்தார். இருபத்திரண்டு வருஷமாக நம்பிய காது இப்படி முகத்தில் கரியைப் பூசிவிட்டதே என்று மனுஷனுக்கு அழுகையே வந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். நாலு இருபது. படமாவது மிஞ்சட்டும்.

"உங்க பல்லு நல்லா இருக்கு. எழுந்திரிங்க, எனக்கு அவசரம்."

மெத்தைக் கடைக்காரர் எழுந்திருக்கவில்லை. இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டார். "ஈறைக் கொஞ்சம் பாருங்களேன்."

"ஈறும் நல்லா இருக்கு."

"நாக்கு?"

"யோவ், நாக்குக்கு என்னய்யா?"

"அப்ப சுத்தம் பண்ணி விடுங்க. மெதுவா, ஒவ்வொரு பல்லா. அவசரமே இல்லை."

"சுத்தமாத்தானே இருக்கு! பல்லுல ஒண்ணுமே இல்லையே!"

"அது எனக்குத் தெரியுமே டாக்டர்."

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். வெளியே, எஃப் வரிசையின் மிச்ச ரெண்டு பேர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிப் பக்கமிருந்து கரக் முரக் என்று கேட்டது. படம்தான் போயிற்று, பாப்கார்னாவது இருக்கட்டும் என்று கையோடு கொண்டுவந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

"தெரிஞ்சுகிட்டே எதுக்கய்யா வந்தீங்க?"

மெத்தைக் கடைக்காரர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"போன வாரம் ஜி வரிசை, இந்த வாரம் நாங்க. வருஷக் கடைசி வரைக்கும் உங்க வீட்டம்மா முறை போட்டுக் குடுத்துட்டாங்க, டாக்டர்."