போட்டோவுக்குக் கண்ணாடி கழற்றுகிறவர்

விடிந்தது முதல் படுக்கும்வரை மூக்கில் கண்ணாடியோடு வாழ்ந்துவிட்டு, கேமராவைக் கண்டதும் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் ஒளிக்கிற ஓர் இனம் உலகத்தில் உண்டு. கொலம்பிய மலைமேல் இருக்கும் எங்கள் சொகமோசோவில் அந்த இனத்தின் திலகம் கணக்கு வாத்தியார் இலாரியோ.

ஐம்பது வயதுவரை கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவருக்கு ரேடியோ நிகழ்ச்சி ஒன்றின் புண்ணியத்தில் இபாகே நகரத்து விதவை எர்சிலியாவோடு கடிதப் பழக்கம் ஏற்பட்டது. அந்த அம்மாள் தன் போட்டோவை அனுப்பி, அவருடையதைக் கேட்டாள். விடுவாரா? இருப்பதிலேயே நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு ஒவிதியோவின் ஸ்டூடியோவுக்குப் போனார்.

கண்ணாடியைக் கழற்ற வேண்டாம் என்று ஒவிதியோ கெஞ்சினார். விளக்கை உயர்த்தி, முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தினால் கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காது என்று செய்தே காட்டினார். யார் கேட்டது? வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி, மூக்கின் இருபுறமும் சிவந்திருந்த பள்ளங்களில் பவுடரை அப்பிக்கொண்டு சிரித்தார்.

"வாத்தியாரே, கேமரா இந்தப் பக்கம் இருக்கு. நீங்க விளக்குக் கம்பத்தைப் பாத்துச் சிரிக்கிறீங்க."

"சிரிப்பு நல்லாருக்கா?"

"கம்பத்துக்குப் பிடிச்சிருக்கும்."

போட்டோ போனது. எர்சிலியா நேரில் வருவதாகப் பதில் வந்தது. பஸ் நிலையத்துக்குப் போன வாத்தியார் கணக்குப் போட்டார்: போட்டோவில் இருக்கிற முகத்தைத்தானே அவள் தேடுவாள்? கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். உலகம் மூடுபனியானது. பஸ்ஸிலிருந்து இறங்கிய பாவாடைகளை எல்லாம் பார்த்துச் சிரித்தார். ஒருத்தி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நகர்ந்தாள். கூட்டம் கலைந்தது. எர்சிலியா தன்னைப் பார்த்துப் பிடிக்காமல்தான் திரும்பிவிட்டாளோ என்று நினைத்தார்.

அப்போது பக்கத்தில் மங்கலாக ஓர் உருவம் கேட்டது.

"ஐயா, இபாகே திரும்பிப் போற பஸ் எதுங்க? போர்டு தெரியல."

ஊர்ப் பெயர் காதில் விழுந்ததுதான் தாமதம், வாத்தியார் அழகையெல்லாம் மறந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். எதிரே அந்த அம்மாளும் போர்டைத் தானே படித்துக்கொள்ளக் கைப்பையைத் துழாவி ஒரு சோடாபுட்டிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தாள்.

இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.

"மூணு தடவை உங்களைத் தாண்டிப் போனேன்," என்றாள் எர்சிலியா. "இதைப் போட்டாத்தான் முகத்துல களையே வருது."

ஐம்பது வருஷத்தில் யாரும் அவரை இப்படிப் புகழ்ந்ததில்லை. வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

கல்யாணம் நடந்தது. தம்பதியைப் படமெடுக்க ஒவிதியோ விளக்கை உயர்த்திவிட்டுத் திரும்புவதற்குள் இரண்டு கண்ணாடிகளும் மேஜைமேல் இருந்தன.

சிரிக்கிறீர்களா? இதைப் படிக்க மாட்டிய கண்ணாடியோடு அப்படியே எழுந்துபோய், உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் கல்யாணப் போட்டோவைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வாருங்கள்.