அட்மிரல் அக்காவும் என் காதளவு கூந்தலும்

யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் இரண்டு அட்மிரல்கள் இருந்தார்கள். ஒருவர் வெள்ளைக்காரர். கோட்டைப் பக்கம் எங்கோ இருந்துகொண்டு கப்பல்களுக்குக் கட்டளை போட்டார். மற்றவர் எங்கள் தெருவின் மூலை வீட்டில் இருந்துகொண்டு கல்யாணப் பெண்களுக்குக் கட்டளை போட்டார். வெள்ளைக்காரரின் சொல்லை ஏதாவது ஒரு கப்பல் எப்போதாவது மீறியிருக்கலாம். அட்மிரல் அக்காவின் சொல்லை மீறிய பொம்பிளை எங்கள் பக்கத்தில் கிடையாது.

அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. பொம்பிளை வெளிக்கிடுத்துவது அவர் தொழில். தலை வாரி, பூ வைத்து, பொட்டிட்டு, மணவறைக்கு அனுப்பும்வரை அவர் ராச்சியம். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே வந்துவிடுவார். முற்றத்தில் கதிரை போட்டு பொம்பிளையை இருத்தி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி நடப்பார். பழுது பார்க்கக் கரையேற்றிய கப்பலை அப்படித்தான் பார்ப்பார்கள். பிறகு தாயைக் கூப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வார்.

"மூக்கில பிழையில்லை. காது கொஞ்சம் வெளியால நிக்குது, பூவால மறைக்கலாம். பிள்ளைக்கு நித்திரை காணாது. இண்டையிலயிருந்து வேளைக்குப் படுக்க வேணும்."

அன்றிலிருந்து அந்த வீடே பொழுதுபட்டதும் படுத்துவிடும். இருட்டடிப்புச் சட்டத்துக்குப் பயந்து விளக்கணைத்தவர்களைவிட அக்காவுக்குப் பயந்து அணைத்தவர்கள் அதிகம்.

கழுத்தில் எப்போதும் ஒரு கடற்படை விசில் தொங்கும். எப்படிக் கிடைத்தது என்று கேட்டால், "கப்பலில இருந்து விழுந்தது" என்பார். அது நேராக அவர் கழுத்திலா விழுந்தது என்று கேட்க ஒருவருக்கும் துணிவில்லை. பொம்பிளையின் தலையில் இரண்டு கையும் இருக்கும்போது வாயால் ஆட்களைக் கூப்பிட ஏலாது, விசிலைப் பல்லில் கவ்வி ஊதலாம் என்பது அவர் கணக்கு. ஒருமுறை ஊதினால் பூ. இரண்டுமுறை ஊதினால் ஊசி. நீட்டி ஊதினால், சுற்றி நிற்கிற சித்திமாரும் பெரியம்மாமாரும் அறையை விட்டு வெளியேற வேண்டும்.

அவருக்கும் சறுக்கியதுண்டு. ஒரு கல்யாணத்துக்கு விடியற்காலை முகூர்த்தம். ஜப்பான்காரன் வெளிச்சத்தைக் கண்டுவிடக் கூடாதென்று விளக்கைச் சுற்றிக் கறுப்புக் கடதாசி ஒட்டியிருந்தார்கள். அந்த மங்கலில் பொம்பிளையின் முகம் எடுபடவில்லை என்று அக்கா பவுடர் அப்பினார். அப்போதும் எடுபடவில்லை. இன்னும் அப்பினார். சூரியன் உதித்தபோது, புதிதாய்ச் சுண்ணாம்பு அடித்த சுவர் ஒன்று கூறைச் சேலை கட்டிக்கொண்டு மணவறையில் இருந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்தபடி ஐயரிடம் குனிந்து, "இவ அவதானே?" என்று கேட்டாராம். ஐயர் வாய் திறக்கமுன் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது: "அவதான். கட்டும்."

இப்படிப்பட்டவரிடம்தான் என் தலை போய்ச் சேர்ந்தது.

என்னை நிலாவெளியிலிருந்து பெண் பார்க்க வந்தபோது எனக்கு முழங்கால் வரைக்கும் கூந்தல். மாப்பிள்ளையின் தாயார் அதைத் தூக்கிப் பாரம் பார்த்துவிட்டு, "இந்தத் தலைமயிருக்காகவே எனக்கு ஓம்" என்றார். அடுத்த வருடத்துக்கு நாளும் வைத்தார்கள். அதற்குப் பிறகு எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. உயிர் தப்பினேன், கூந்தல் தப்பவில்லை. கொத்துக் கொத்தாகக் கொட்டி, மிஞ்சியதையும் வெட்டி, மீண்டும் முளைத்துக் காதளவுக்கு வந்து நின்றபோது கல்யாணத்துக்கு ஒரு மாதமே இருந்தது.

அம்மா கதவைச் சாத்திவிட்டு அக்காவைக் கூப்பிட்டார். "அக்கா, அவையளுக்கு ஒண்டும் சொல்லேல்லை. எப்பிடியாவது மறைச்சுப்போடுங்கோ."

மறைக்கச் சவுரி வேண்டும். பொய்முடி இந்தியாவிலிருந்து வரவேண்டும். யுத்தத்தில் வள்ளங்கள் ஓடவில்லை. கடைக்காரர் கையை விரித்தார். அக்கா அசரவில்லை. கறுப்புக் கம்பளி நூலைப் பின்னிக் கட்டி, என்னை வெயிலில் நடக்கவிட்டு ஒத்திகை பார்த்தார். வியர்த்ததும் சாயம் கரைந்து கழுத்து வழியாக ஓடியது. அடுத்து, துறைமுகத்தில் கழித்துப்போட்ட கப்பல் கயிற்றைப் பிரித்துக் கரி பூசிப் பின்னினார். தூரத்திலிருந்து பார்க்க வடிவாகத்தான் இருந்தது. கிட்ட வந்தால் தார் மணத்தது. எங்கள் ஆடு மட்டும் மணத்தைப் பொருட்படுத்தாமல் பின்னாலேயே வந்து, பின்னலைக் கடித்து இழுத்துக்கொண்டு வேலிப்பக்கம் போனது.

நான் கதிரையில் இருந்து அழுதேன். அக்கா சுற்றி நடக்கவில்லை. முன்னால் வந்து நின்றார்.

"தங்கச்சி," என்றார் அம்மாவைப் பார்த்து, "நான் பொம்பிளையை வடிவாக்குவன். வேற ஆளாக்கமாட்டன். இதை இனிச் சொல்லத்தான் வேணும்."

"ஐயோ, சொன்னா கலியாணம் நிண்டுபோகும்!"

"நிக்கிறதெண்டா இப்ப நிக்கட்டும். மணவறையில ஆடு வந்து நிப்பாட்டுறதிலும் பார்க்க நல்லது."

அன்று மத்தியானமே குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். மாப்பிள்ளை கடற்படைத் தளத்தில் எழுதுவினைஞர். வாசலில் துவக்குடன் நின்ற காவல்காரன் பாஸ் கேட்டான். அக்கா பாஸுக்குப் பதிலாக விசிலை எடுத்து நீட்டி ஊதினார். காவல்காரன் பழக்க தோஷத்தில் விறைத்து நின்று சலூட் அடித்துவிட்டான். அடித்தபின் கோபம் வந்தது. ஆனால் தானே சலூட் அடித்த ஆளை விரட்டுவது எப்படி? ஆளனுப்பி மாப்பிள்ளையைக் கூப்பிடுவித்தான்.

வீட்டில் யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து மாப்பிள்ளை ஓடிவந்தார். கூட நான்கைந்து பேர் ஆறுதல் சொல்ல வந்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் அக்கா கேட்டார்:

"தம்பி, பொம்பிளைக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து தலைமயிர் கொட்டிப்போச்சு. இப்ப காதளவுதான். உமக்குத் தலைமயிர் வேணுமோ, பொம்பிளை வேணுமோ?"

இவ்வளவையும் பின்னேரம் எங்கள் குசினியில் நின்று அக்காவே நடித்துக் காட்டினார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாப்பிளை என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"மயிரைப் பற்றிக் கதைக்கேல்லை. 'காய்ச்சல் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே, இப்ப சாப்பிடுறாவோ?' எண்டு கேட்டவன். எழும்பு, சோத்தைப் போட்டுத் தின்."

காய்ச்சலுக்குப் பிறகு நான் வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான்.

தாயாருக்குத் தான் சொல்வதாக மாப்பிள்ளை அக்காவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். பாவம், நல்ல மனிதர். ஆனால் தாயாருக்கு முன்னால் வாய் திறக்காதவர். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று கல்யாண நாளும் வந்துவிட்டது.

அன்று அக்கா பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் என்னை இருத்தி வேலை தொடங்கினார். இருந்த மயிரை எண்ணெய் தடவி இறுக்கி வாரி, எலுமிச்சங்காய் அளவில் ஒரு கொண்டை போட்டார். அதைச் சுற்றி மல்லிகையை வளையம் வளையமாக ஏற்றினார். நெற்றிப்பட்டம் கட்டினார். மை தீட்டினார். பவுடரைத் தொட்டுவிட்டு, பழைய சுண்ணாம்புச் சுவர் நினைவுக்கு வந்ததோ என்னவோ, பாதியைத் தட்டிக் கொட்டினார். வெளியே மேளச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் பந்தலுக்குள் வந்துகொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பூ சற்றே சரிந்தது. இரண்டு கையாலும் அதைத் தாங்கிக்கொண்டு, ஊசிக்காக அக்கா இரண்டுமுறை ஊதினார். ஒருவரும் வரவில்லை. முழு மூச்சையும் கூட்டி மறுபடி ஊதினார்.

அறைக்குள் அவர் மெல்ல ஊதுவது ஒருநாளும் வெளியே கேட்டதில்லை. அந்தக் காலத்தில் தெருவுக்குக் கேட்கும் விசில் சத்தத்துக்கு ஊரில் ஒரே அர்த்தம்தான் இருந்தது: விமானம் வருகிறது, பதுங்கு!

மேளம் பாதியில் நின்றது. "ஜப்பான்காரன்!" என்று யாரோ கத்தினார்கள். தட்டங்கள் பறந்தன. வளவுக்குள் வெட்டியிருந்த பதுங்குகுழிக்குள் முதலில் குதித்தவர் நாதஸ்வரக்காரர், வாத்தியத்தை விடாமல். பிறகு ஐயர். அப்பா அறைக்குள் பாய்ந்து என்னைத் தூக்கிக்கொண்டு ஓடி, குழிக்குள் இறக்கினார். "விடுங்கோ, தலை! தலை!" என்று அக்கா கத்திக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். என் மேல் யாரோ பொத்தென்று வந்து விழுந்தார்கள். மண் அடங்கிக் கண் திறந்தபோது, என் மல்லிகை முழுவதும் என் மடியில் கிடந்தது. எதிரே, மூக்கோடு மூக்குரச, மாமியார்.

அவர் என் தலையைப் பார்த்தார். எலுமிச்சங்காயைப் பார்த்தார். வாய் திறந்தது. ஆனால் சத்தம் வரவில்லை. ஏனென்றால், விழுந்த வேகத்தில் அவருடைய பெரிய கொண்டையும் கழன்று எங்கள் இருவருக்கும் நடுவே மண்ணில் கிடந்தது.

மேலே நின்ற அக்கா குனிந்து அதை எடுத்தார். மண்ணைத் தட்டினார். வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல சவுரி. எங்க வாங்கினனீங்கள்?"

மாமியார் என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, தன் தலையையும் தடவினார். "யுத்தத்துக்கு முந்தி வாங்கினது," என்றார். "இப்ப இந்த மாதிரி எடுக்க ஏலாது." சொல்லிவிட்டு அவர்தான் முதலில் சிரித்தார். மாப்பிள்ளைக்கு எப்போதோ சொல்லியாயிற்று என்று அக்கா மேலிருந்து போட்டுக்கொடுத்தார். மாமியார் மகனைத் தேடி, "தெரிஞ்சும் ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?" என்று ஒரு குட்டும் வைத்தார். அந்தக் குட்டு தலைப்பாகையில் பட்டதால் சேதமில்லை.

"உந்தச் சவுரியைப் பிள்ளைக்கு வையுங்கோ அக்கா," என்றார் மாமியார்.

"அவவுக்குத் தேவையில்லை. உங்களுக்கு வைக்கிறன், திரும்புங்கோ."

இதற்குள் இரும்புத் தொப்பியுடன் விமானத் தாக்குதல் வார்டன் வந்துவிட்டார். சனத்தைக் குழிக்குள் அனுப்ப அதிகாரமுள்ளவர் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். "ஆர் ஊதினது? விசிலைத் தாங்கோ! இது பெரிய குற்றம் தெரியுமோ?"

அக்கா மறுபேச்சில்லாமல் விசிலைக் கழற்றிக் கொடுத்தார். "எடும். ஆனா எனக்கு இன்னும் ஊசி வரேல்லை. நீர்தான் எடுத்துத் தர வேணும்."

தாலி கட்டும்வரை அந்த மனிதர் இரும்புத் தொப்பி நிறைய ஊசியும் பூவும் ஏந்திக்கொண்டு என் பக்கத்தில் நின்றார்.

அடுத்தடுத்த வருடங்களில் என் கூந்தல் மறுபடி வளர்ந்தது. இடுப்பைத் தொட்டதும் அக்காவிடம் காட்ட ஓடினேன். "ஓம், மயிரெண்டா வளரத்தானே செய்யும்," என்றார். சொல்லிவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு, சீப்பை எடுத்தார். எனக்கு அன்று கல்யாண வீடுமில்லை, கோயிலுமில்லை, போக வேண்டிய இடமே இல்லை. இருந்தாலும் அவர் வாரி முடிக்கும்வரை எழும்ப மனம் வரவில்லை.